பல்லுக்குக் கம்பி போடும் முன்: பெற்றோரும் பெரியவர்களும் கேட்கும் கேள்விகள்

பல் சீரமைப்புக்காக என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்ததுமே கேட்பது, "டாக்டர், கம்பி போடணுமா, இல்லை கண்ணுக்குத் தெரியாத அலைனரே போதுமா?" என்றுதான். அலைனர் என்பது பற்கள்மேல் கழற்றி மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை. என்னைக் கேட்டால் அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. பல் ஏன் அப்படி நிற்கிறது, கோளாறு பல்லிலா தாடையிலா, வளர்ச்சி இன்னும் பாக்கி இருக்கிறதா என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், எந்தக் கருவி என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும். அதனால் இங்கேயும் அந்த வரிசையிலேயே போகிறேன்.

குழந்தையை எந்த வயதில் முதன்முதலாகக் காட்ட வேண்டும்?

7 வயதுக்குள் ஒருமுறை. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் சொல்லும் வயதும் இதுதான். "அதற்குள் கம்பியா?" என்று பயப்பட வேண்டாம். அந்த வயதில் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோரை, எதுவும் செய்யாமல் "ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வாருங்கள்" என்றுதான் அனுப்பி வைப்போம்.

ஏன் 7? சுமார் 6 வயதில், பால்பற்களின் வரிசைக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால், பல பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். அந்தப் பல்லும் முன்பற்கள் சிலவும் வந்துவிட்டால், மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்று பார்த்துச் சொல்ல முடியும்.

என் மகளுக்கு 9 வயது. மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி, பற்கள் விசிறி மாதிரி விரிந்து நிற்கின்றன. உடனே சரிசெய்ய வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். 8 முதல் 11 வயது வரை பல குழந்தைகளுக்கு முகம் இப்படித்தான் இருக்கும். மேலே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் முன்பற்களின் வேர்களைப் பக்கவாட்டில் நெருக்குகின்றன. அதனால் வேர்கள் நடுவே கூடி, கீழ்முனைகள் விலகுகின்றன. 11, 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கியதும் இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். அவசரப்பட்டு அந்த வயதில் பல்லை நேராக்கப் போனால், இறங்கி வரும் கோரைப்பல்லின் மீது வேரைக் கொண்டுபோய் இடிக்கும் ஆபத்துதான் உண்டு.

இடைவெளி மிக அகலமாக இருந்தாலோ, ஒரு பக்க முன்பல் வந்து ஒரு வருடமாகியும் மறுபக்கத்துப் பல் வராமல் இருந்தாலோ, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் கூடுதல் பல் ஒன்று ஒளிந்திருக்கலாம்.

அப்படியானால் யாருக்குத்தான் சீக்கிரம் சிகிச்சை வேண்டும்?

எண்ணிச் சொல்லக்கூடிய சில நிலைமைகளுக்கு. இவற்றைத் தவறவிட்டால் நல்ல வாய்ப்பு ஒன்று கைநழுவிப் போகும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழும் குறுக்குக் கடி. சாதாரணமாக மேல்வரிசை ஒரு மூடியைப் போலக் கீழ்வரிசைக்கு வெளியே அமரும். மேல்தாடை குறுகலாக இருந்தால் அது உள்ளே மாட்டிக்கொள்ளும். நான் பிள்ளையை மெதுவாக வாயை மூடி, பல் முதலில் தொடும் இடத்திலேயே நிறுத்தச் சொல்வேன். இரண்டு முனைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். "இப்போ நல்லா கடி" என்றதும் கீழ்த்தாடை சட்டென்று ஒரு பக்கம் நழுவும், மோவாய் மூக்கின் நேர்கோட்டை விட்டு விலகும். கூட வந்த அம்மா அதுவரை கவனித்திருக்க மாட்டார். கண்ணால் பார்த்ததும் பதறிப்போவார். வளரும் எலும்பு இப்படிக் கோணலாகவே வருடக்கணக்கில் கடித்துக்கொண்டிருந்தால் முகமும் கோணலாகவே வளரலாம். இதை 7 முதல் 10 வயதுக்குள் சரிசெய்வது எளிது.

இரண்டாவது, கீழ்த்தாடை முன்னே வந்து, கீழ் முன்பற்கள் மேல்பற்களுக்கு வெளியே நிற்பது. காரணம் மேல்தாடையின் வளர்ச்சிக் குறைவு என்றால், நெற்றியிலும் மோவாயிலும் தாங்கி நிற்கும் முகக்கவசம் போன்ற கருவியை மாட்டி மேல்தாடையை முன்னே இழுக்கலாம். 10 வயதுக்குள் இது நன்றாகப் பலிக்கும். பிறகு பலன் குறைந்துகொண்டே போகும்.

மூன்றாவது, எத்துப்பல். இதில் ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். 8, 9 வயதிலேயே தொடங்கினால் கீழே விழும்போது முன்பல் உடையும் ஆபத்து குறையும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் உண்டு. மற்றபடி 12 வயதை ஒட்டி ஒரே கட்டமாகச் செய்தாலும் முடிவில் கிடைக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றுதான். ஓடியாடி அடிக்கடி விழும் பிள்ளையா, பல் உதட்டுக்கு வெளியே நிற்கிறதா, பள்ளியில் கேலிக்கு ஆளாகி வாயைப் பொத்திக்கொண்டே பேசுகிறதா என்று பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன். காத்திருக்கலாம் என்றால், வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தில் 'ட்வின் பிளாக்' போன்ற கருவியைப் போடுவோம். மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என இரண்டு பகுதி. கடித்தால் சாய்வான முகப்புகள் ஒன்றின் மீது ஒன்று சரிந்து கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும். ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977-ல் உருவாக்கியது இது.

நான்காவதை மிகவும் வலியுறுத்திச் சொல்வேன்: மேல் கோரைப்பல். ஏறக்குறைய நூறில் இரண்டு பேருக்கு அது வழிதவறி எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. 10 வயதில், பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறை விரலால் தடவினால் இரண்டு பக்கமும் ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அண்ணத்தின் பக்கம் திரும்பியிருந்தால், பால் கோரைப்பல்லை எடுத்துவிடுவதே பல நேரங்களில் வழி திறந்துவிடுகிறது. ஸ்வீடனில் எரிக்சனும் குரோலும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் செய்த 46 பற்களில் 36 சரியான பாதைக்குத் திரும்பின. எல்லாருக்கும் பலித்துவிடாது. ஆனாலும் ஒரு பால்பல்லை எடுப்பது எங்கே, 15 வயதில் ஈறைத் திறந்து, பல்லில் சங்கிலி ஒட்டி, மாதக்கணக்கில் இழுத்துக் கொண்டுவருவது எங்கே!

மேலண்ணத்தை விரிக்கும் கருவி என்கிறார்கள். எலும்பை எப்படி விரிக்க முடியும்?

மேலண்ணம் இடம், வலம் என இரண்டு எலும்புகள் நடுவில் சேர்ந்து உருவானது. சிறுவயதில் அந்தப் பொருத்து இன்னும் இறுகியிருக்காது. கருவியின் நடுவில் ஒரு திருகு இருக்கும். வீட்டில் பெற்றோர்தான் அதைச் சாவியால் திருப்ப வேண்டும். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர் விரியும்.

சாவியை முன்பக்கத் துளையில் விட்டு, தொண்டையை நோக்கித் தள்ளுங்கள். அடுத்த துளை முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் சாவியை எடுக்க வேண்டும். பாதியில் எடுத்துவிட்டால் மறுநாள் சாவி நுழையாது. சாவியில் நூல் கட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள், கை தவறினாலும் தொண்டைக்குள் போகாது. சில நாளில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். பயந்துபோய் போன் செய்வார்கள். அது எலும்பு விரிகிறது என்பதற்கான அடையாளம், தானாகவே மூடிக்கொள்ளும். விரித்து முடித்த பிறகும், நடுவில் புது எலும்பு ஊறும்வரை சில மாதங்கள் கருவி வாயிலேயே இருக்க வேண்டும்.

விரல் சூப்பும் பழக்கம் பல்லைக் கெடுக்குமா?

நிரந்தர முன்பற்கள் வருவதற்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் பாதிப்பு தானாகச் சரியாகும். அதற்கு மேலும் தொடர்ந்தால் முன்பற்கள் எத்தும், வாயை மூடினாலும் முன்னால் சந்து இருக்கும், மேல்தாடை குறுகும். அடிப்பதும் கசப்பு தடவுவதும் வேண்டாம். பிள்ளைக்கே நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால், ஞாபகப்படுத்த அண்ணத்தில் ஒரு சின்னக் கருவி பொருத்தினாலே போதும்.

பால்பல்தானே, சொத்தையானால் பிடுங்கிவிடலாமே?

பால் கடைவாய்ப்பல் தனக்கு அடியில் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. அதைச் சீக்கிரம் எடுத்தால் பின்னாலிருக்கும் 6 வயதுப் பல் முன்னே சாய்ந்து இடத்தை விழுங்கிவிடும். காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால், இடம் காக்கும் கருவி தேவையா என்று அன்றைக்கே கேளுங்கள்.

முதல் நாளில் என்னென்ன பார்ப்பீர்கள்?

முதலில் உங்களைப் பேசச் சொல்லிக் கேட்பேன். எது உங்களை உறுத்துகிறது? சிரிக்கும்போது தெரியும் தெற்றுப்பல்லா, சாப்பிடும்போது கன்னம் கடிபடுவதா, சில எழுத்துகள் வாயில் வராததா? எனக்குப் பெரிதாகத் தெரியும் குறை உங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லாமல் இருக்கலாம்.

அப்புறம் முகம். நேராகவும் பக்கவாட்டிலும், ஓய்வாக இருக்கும்போதும் சிரிக்கும்போதும் பார்ப்பேன். உதடுகள் சிரமமில்லாமல் மூடுகின்றனவா, மூக்கால் மூச்சு விட முடிகிறதா, தாடை மூட்டில் சத்தமோ வலியோ உண்டா, ஈறு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இதில் அடங்கும். எப்போதும் வாயைத் திறந்தே தூங்கி, குறட்டை விடும் குழந்தையை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புவேன்.

கடியை, அதாவது மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதத்தைப் பேச இன்றும் நாங்கள் பயன்படுத்துவது அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-ல் வகுத்த மூன்று வகைகளைத்தான். மேல், கீழ் முதல் கடைவாய்ப்பற்கள் சரியாகப் பொருந்தி, பற்கள் மட்டும் நெரிசலாகவோ விலகியோ இருந்தால் முதல் வகை. கீழ்க் கடைவாய்ப்பல் பின்னால் இருந்தால் இரண்டாம் வகை, முன்னால் இருந்தால் மூன்றாம் வகை. ஆனால் இது பல்லின் கணக்கு மட்டும்தான். எத்துப்பல் என்று ஒரே பெயரில் வரும் இரண்டு பேரில், ஒருவருக்கு மேல்பற்கள் சாய்ந்திருக்கும், இன்னொருவருக்குக் கீழ்த்தாடையே சிறுத்திருக்கும். கண்ணாடியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், சிகிச்சை வேறு. இதைப் பிரித்துக் காட்டுவது தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே. 1931-ல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே கொண்டுவந்த முறை அது. இதோடு எல்லாப் பல்லையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே, புகைப்படங்கள், பற்களின் அச்சு அல்லது டிஜிட்டல் ஸ்கேன் ஆகியவையும் வேண்டும்.

இவை எதுவும் எடுக்காமல், வாயைத் திறந்து பார்த்த பத்தாவது நிமிடத்தில் "அடுத்த வாரம் கம்பி போட்டுடலாம்" என்று ஒருவர் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். என் கோளாறு என்ன, அதற்குக் காரணம் என்ன, எத்தனை வழிகள் இருக்கின்றன, எதுவுமே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பதில் உங்களுக்குப் புரியும்படி வர வேண்டும்.

இத்தனை எக்ஸ்ரே எடுத்தால் ஆபத்தில்லையா?

முழுப் பல்வரிசை எக்ஸ்ரே ஒன்றின் கதிர்வீச்சு, இயற்கைச் சூழலிலிருந்து சில நாளில் நம் உடலுக்குக் கிடைக்கும் அளவுதான். முப்பரிமாண ஸ்கேனில் அது அதிகம். சிக்கிய கோரைப்பல் மாதிரியான காரணம் இருந்தால் மட்டும் அதை எடுப்பது சரி. கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எதுவும் செய்யாமல் விட்டால் என்ன?

லேசான நெரிசலுக்கு ஒன்றும் ஆகாது. கோணல் பல்லால் சொத்தை வந்தே தீரும் என்று பயமுறுத்துவதை நான் ஏற்க மாட்டேன். ஒழுங்காகத் துலக்கினால் கோணல் பல்லும் வாழ்நாள் முழுக்க நன்றாகவே இருக்கும். உங்கள் தெற்றுப்பல் உங்களுக்குப் பிடித்திருந்தால் அது அப்படியே இருக்கட்டும். கீழ்ப்பல் மேலண்ணத்து ஈறைக் குத்துவது, குறுக்குக் கடியால் ஈறு இறங்குவது, சிக்கிய பல் பக்கத்துப் பல்லின் வேரை அரிப்பது, இவை வேறு. இவற்றை விடக்கூடாது.

பல் எலும்புக்குள் எப்படி நகர்கிறது? வேகமாகச் செய்ய முடியாதா?

பல் எலும்போடு நேராக ஒட்டியிருக்கவில்லை. நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. பல்லை ஒரு பக்கம் மெதுவாக அழுத்தினால், அந்தப் பக்கத்து எலும்பைச் சில செல்கள் கரைக்கின்றன, பின்பக்கம் வேறு செல்கள் புது எலும்பை நிரப்புகின்றன. இந்த வேலை மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் நடக்கும். கூடுதலாக அழுத்தினால் ரத்த ஓட்டம் தடைபட்டு நகர்வு தாமதமாகும், வலியும் கூடும். முழுச் சிகிச்சைக்கு ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆவது இதனால்தான்.

நல்ல பல்லை ஏன் பிடுங்கச் சொல்கிறீர்கள்?

இடக்கணக்குதான் காரணம். வரிசையில் 3, 4 மில்லிமீட்டர் போதவில்லை என்றால், பற்களின் பக்கவாட்டு எனாமலைக் காகித கனத்துக்குச் சீவியோ பல்வரிசையின் வளைவைச் சற்று விரித்தோ இடம் தேடலாம். 8, 10 மில்லிமீட்டர் போதாதபோது அத்தனை பல்லையும் உள்ளே திணித்தால் அவை எலும்பின் ஓரத்துக்குத் தள்ளப்படும், ஈறு இறங்கும், உதடு பிதுங்கும். கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே இருக்கும் முன்கடைவாய்ப்பல் ஒன்று சுமார் 7 மில்லிமீட்டர் அகலம். பக்கத்துக்கு ஒன்று எடுத்தால் தேவையான இடம் கிடைத்துவிடும். எடுக்கக்கூடாது என்பதையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதையும் கொள்கையாக வைத்திருப்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் வாயின் அளவைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது சொல்லுங்கள். கம்பியா, அலைனரா?

கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டுதான் பிராக்கெட். எஃகு பிராக்கெட் பலமானது, எல்லா வகை நகர்வையும் செய்யக்கூடியது. செராமிக் பல் நிறத்தில் இருக்கும், ஆனால் எளிதில் உடையும், கழற்றும்போது கவனம் வேண்டும். பல்லின் உட்பக்கம் ஒட்டுவது வெளியே தெரியவே தெரியாது, ஆனால் முதல் சில வாரம் நாக்கு புண்ணாகும், பேச்சு குழறும். எந்த பிராக்கெட்டானாலும் தொடக்கத்தில் பல்லை இழுப்பது நிக்கல் டைட்டானியம் கம்பி. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் உருவான உலோகக் கலவை அது. எவ்வளவு வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே மெதுவாகத் திரும்பும். அந்தப் பொறுமையான இழுப்புதான் பல்லுக்கு ஒத்துப்போகிறது.

அலைனர், 1997-ல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனத்தின் இன்விசலைன் மூலம் பரவியது. லேசான, நடுத்தர நெரிசலுக்கும் இடைவெளிக்கும் நன்றாகவே வேலை செய்யும். உருண்டையான பல்லைச் சுழற்றுவது, ஈறுக்குள் இருக்கும் பல்லை வெளியே இழுப்பது, வேரை அதிக தூரம் நகர்த்துவது போன்றவற்றில் தடுமாறும். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். சாப்பிடும்போது கழற்றி மேசையில் வைத்து மறந்துவிடும் ஆள் நீங்கள் என்றால், கழற்ற முடியாத கம்பியே உங்களுக்கு நல்லது.

நேரில் யாரும் பார்க்காமல் தபாலில் வரும் அலைனர்களை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஈறு நோய் உள்ள பல்லை எக்ஸ்ரே பார்க்காமல் நகர்த்தினால் பல்லே ஆடத் தொடங்கலாம்.

எனக்கு 45 வயது. காலம் கடந்துவிட்டதா?

இல்லை. பல்லை நகர்த்த வயது வரம்பே கிடையாது. மூன்று விஷயங்கள் மட்டும் மாறும். தாடையின் வளர்ச்சி முடிந்துவிட்டதால் அதைத் திருப்பிவிட முடியாது. ஈறு நோய் இருந்தால் முதலில் அதை அடக்க வேண்டும், ரத்தம் கசியும் ஈறில் கம்பி போடக்கூடாது. மூன்றாவதாக, நெருக்கியிருந்த முன்பற்கள் நேரானதும் ஈறோரம் கறுப்பு முக்கோணமாகச் சந்து தெரியலாம். இதை முன்பே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை.

இழந்த பல்லுக்கு இம்பிளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைக்கும் எண்ணமிருந்தால் முதலில் சீரமைப்பு, பிறகு இம்பிளான்ட். அது எலும்போடு ஒட்டிவிடும், நகராது. எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தால், சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால், முதல் நாளே சொல்லுங்கள். எலும்பில் பொருத்தும் குட்டித் திருகுகளைப் பிடிமானமாக வைத்து, முன்பு சிரமமாக இருந்த நகர்வுகளையும் இப்போது பெரியவர்களுக்குச் செய்ய முடிகிறது.

தாடை அளவிலேயே பெரிய வித்தியாசம் என்றால் அறுவை சிகிச்சையும் கம்பியும் சேர்ந்துதான் தீர்வு. வளர்ச்சி நின்ற பிறகுதான் செய்வோம். அதற்குத் தயார் செய்யும் மாதங்களில் கடியும் முகமும் முன்பைவிட மோசமாகத் தெரியும். பற்களை அதனதன் தாடைக்கு ஏற்ப நிமிர்த்துவதால் வருவது அது. தெரிந்துகொண்டு இறங்கினால் மனம் தளராது.

வலிக்குமா?

கம்பி போட்ட சில மணி நேரத்தில் தொடங்கும், மறுநாள் உச்சம், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். கூர்மையான வலியாக இராது, கடித்தால் நோகும். மிருதுவான சாப்பாடும், டாக்டர் சொன்ன வலி மாத்திரை ஒன்றிரண்டும் போதும். கன்னத்தில் உரசினால் பிராக்கெட்டை ஈரமில்லாமல் துடைத்து, மெழுகை உருட்டி அதன் மேல் அப்புங்கள்.

சிகிச்சையால் பல் கெட்டுப்போகுமா?

துலக்காவிட்டால் கெடும். பிராக்கெட்டைச் சுற்றிப் படியும் அழுக்கு ஒரே மாதத்தில்கூட எனாமலில் வெண்திட்டை உண்டாக்கும். கழற்றிய நாளில் நேரான பல்லில் சதுரம் சதுரமாக வெள்ளைத் தழும்பு தெரிவதைவிட வருத்தமானது எங்களுக்கு இல்லை. பிராக்கெட்டின் மேலும் கீழும் பிரஷ்ஷைச் சாய்த்துத் துலக்கி, கம்பிக்கு அடியில் குட்டிப் பிரஷ்ஷை விடுங்கள், ஃப்ளோரைடு பேஸ்ட் பயன்படுத்துங்கள். குளிர்பானத்தை நிறுத்துங்கள். ஆப்பிளையும் கேரட்டையும் நறுக்கிச் சாப்பிடுங்கள், ஐஸ் கட்டியைக் கடிக்காதீர்கள்.

வேர்நுனி சற்றுத் தேய்வது சகஜம், பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை. சிலருக்கு மட்டும் அதிகம் தேயும். நடுவில் ஒரு எக்ஸ்ரே கேட்பது அதற்காகத்தான்.

ஞானப்பல் தள்ளித்தான் முன்பல் கோணலாகிறதா?

அப்படி ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது, ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ் முன்பற்கள் நெருங்குகின்றன. நெரிசலைத் தடுக்க மட்டும் அதைப் பிடுங்க வேண்டாம்.

ரிடெய்னரை எவ்வளவு காலம் போட வேண்டும்?

சிகிச்சை முடிந்தபின் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் கருவி அது. பல் நேராக இருக்க வேண்டும் என்று விரும்பும் வரை போட வேண்டும். ஈறின் நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருடம்வரை ஆகும், அதற்குப் பிறகும் பல் நகர்வதை நிறுத்துவதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழுவினர், முன்கடைவாய்ப்பல் எடுத்துச் சீரமைத்தவர்களை ரிடெய்னர் நிறுத்தி 20 வருடம் கழித்துப் பார்த்தபோது, கீழ் முன்பற்கள் ஏற்கத்தக்க அளவில் நேராக இருந்தது 10 சதவீதம் பேருக்குத்தான்.

தொடக்க மாதங்களில் நாங்கள் சொல்லும் நேரமெல்லாம், பிறகு இரவில் மட்டும். பல்லின் பின்னால் ஒட்டிய கம்பி என்றால், அது ஒரு பல்லில் மட்டும் விட்டுப்போனாலும் தெரியாமல் போகலாம். மாதம் ஒருமுறை விரல்நுனியால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பாருங்கள். கழற்றும் ரிடெய்னரை வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். சில நாள் விட்டுப் போடும்போது இறுக்கமாக இருந்தால், பல் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முழுசாக உட்காருகிறது என்றால் சில இரவுகள் தொடர்ந்து போடுங்கள், தளர்ந்துவிடும். உட்காரவே இல்லை என்றால் அழுத்தித் திணிக்காமல், அந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.